மலையகத்து ஆவினமும் காலக் கணக்கும்

தேயிலையின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல. அத்தேயிலைச் சரிவுகளின் நடுவே, லயங்களின் பின்புறத்துக் கொட்டில்களிலே, தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளரோடு உடனுறைந்து வரும் பசுவின் வரலாற்றைக் கூறுவார் மிகச் சிலர். அரசியல் வரலாற்றிலே பசுவுக்கு இடமில்லை. பொருளியல் வரலாற்றிலே அதற்கு ஓர் அடிக்குறிப்பு மட்டும் உண்டு. ஆயினும் அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிற் பசு வளர்க்கும் குடும்பத்துக்குச் செக்றோலில் விழும் பேருக்கு அப்பால் வரும் வருவாய் பெரும்பாலும் அப்பசு தருவதேயாகும். பிள்ளையின் பாடசாலைச் செலவும், நோயுற்றோர் மருந்துச் செலவும், திருவிழாக் காலத்துப் புத்தாடையும் அப்பசு உரிய காலத்திற் கன்று ஈனுவதைப் பொறுத்தே அமைவன.

உரிய காலத்தில் என்னும் அச்சொற்றொடரே இக்கட்டுரையின் பொருளாகும். பசுவைச் செயற்கை முறையாற் சினைப்படுத்தும் கலையும், பல கிடேரிகளை ஒரே நாளிற் பருவத்துக்கு வரச் செய்யும் கலையும் சென்ற நூற்றாண்டிலே வளர்ந்து முதிர்ந்தவை. இவற்றின் வரலாற்றை ஒருசேர நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இரண்டும் அடிப்படையிற் காலத்தை வெல்லும் முயற்சிகளே. விந்தின் காலம் ஒன்று. பசுவின் காலம் மற்றொன்று. பசுவை வளர்ப்போரின் காலம் மூன்றாவது. முதலிரண்டையும் அறிவியல் பெரிதும் தன்வயமாக்கிவிட்டது. மூன்றாவது காலமே மலையகத்தில் இன்னும் கைவரப்பெறாதிருப்பது. இதனை வரலாற்று வழிநின்று காட்டுதலே நம் நோக்கம்.

கப்பலில் வந்த மாடுகள்

நுவரெலியாவின் குளிர்ந்த சமவெளியைக் கண்ட ஆங்கிலேயர்க்குத் தம் தாய்நாட்டுப் பண்ணை நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலே அமைந்த ஊர் அது. 1848 ஆம் ஆண்டு அங்குக் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்பார், பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தை நாடிச் சென்று புகழ்பெற்றவர். அவர் இங்கிலாந்திலிருந்து பண்ணையாளரையும், கருவிகளையும், உயர்குலக் கால்நடைகளையும் கப்பலேற்றி வந்து, ஓர் ஆங்கிலக் கிராமத்தையே மலையுச்சியில் நாட்ட முயன்றார். முயற்சி எண்ணியவாறு முற்றவில்லை. சில ஆண்டுகளில் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். ஆயின், சிறந்த பசு வேண்டுமாயின் அதனைக் கப்பலில் ஏற்றி வருதலே வழி என்னும் எண்ணம் அவரோடு நீங்கவில்லை.

அக்காலத்துக் கோப்பித் தோட்டங்களிலும் மாடுகள் இருந்தன. அவை பாலுக்காக அன்றி எருவுக்காக வளர்க்கப்பட்டவை. மலைச்சரிவு மண்ணின் வளம் மழையாற் கரைந்தோட, அதனை ஈடுசெய்யத் தோட்டத்துரைமார் மாட்டுப்பட்டிகளை அமைத்தனர். தீவனத்துக்கெனக் கினிப்புல்லை நட்டனர். 1867 இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டதும், 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. கோப்பி போய்த் தேயிலை வந்தது. செயற்கை உரமும் பின்னர் வந்தது. தோட்டத்துக்கு மாட்டெருவின் தேவை குறைந்தது. தொழிலாளர்க்கோ பசுவின் தேவை குறையவில்லை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் தம்முடன் கொண்டுவந்த அறிவுச் செல்வங்களுள் மாடு வளர்க்கும் அறிவும் ஒன்று. துரையின் இசைவு பெற்று லயத்தருகே ஒரு கொட்டில் போட்டு, சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் அறுத்த புல்லை ஊட்டி அவர்கள் பசுவை வளர்த்தனர். தைத் திங்களிற் பட்டிப்பொங்கல் இட்டு அதனை வழிபட்டனர். குடியிருந்த காம்பராவும் நின்ற நிலமும் தோட்டத்தனவே, பசுவோ அவர்களுடையது. தமது என்று சொல்லத்தக்க உயிருள்ள உடைமை அஃதொன்றே.

தமிழ் மரபில் இளம் பசுவுக்குத் தனிப்பெயர் உண்டு. தொல்காப்பியத்து மரபியல் எருமை, மரை, பெற்றம் என்னும் மூன்றன் பெண்ணுக்கும் நாகு என்னும் பெயரை வகுத்துரைக்கின்றது. அச்சொல் ஈழத்து வழக்கில் இன்றும் உயிரோடிருக்கின்றது. மலையகத்தார் கிடேரி என்பர். பெயரிட்டுப் பிரித்தறிந்தமைக்குக் காரணம் உண்டு. ஈன்ற பசு இன்றைய வாழ்வு; கிடேரி நாளைய வாழ்வு. இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

அரசாங்கமும் மலைநாட்டுக் குளிரை நோக்கியே தன் திட்டங்களை வகுத்தது. 1940 களிலே அம்பேவலையிற் பண்ணை எழுந்தது. அயர்சயர் இனம் அங்கு வளர்க்கப்பட்டது. பொப்பத்தலாவை, தயகம முதலிய இடங்களிலும் அரசுப் பண்ணைகள் அமைந்தன. ஐரோப்பியப் பாலினங்கள் மலைநாட்டுக்கும், சிந்தி, சாகிவால் முதலிய இந்திய இனங்களின் கலப்பு தாழ்நாட்டுக்கும் உரியன என்பதே இனவிருத்திக் கொள்கையின் சாரம். பண்ணையில் நிற்கும் உயர்குலக் காளையின் பயன் லயத்துக் கொட்டிலில் நிற்கும் பசுவைச் சென்றடைவது எங்ஙனம்? காளையை மலைமேல் ஓட்டிச் செல்வதும் அரிது. பசுவைப் பல கல் நடத்திச் செல்வதும் அரிது. தொழிலாளி ஒருவன் காளை வளர்த்தற்கு நிலமும் இல்லை, தீனியும் இல்லை. ஒரு காளையைப் பல பசுக்களுக்குச் சேர்ப்பதாற் கருச்சிதைவு விளைக்கும் தொற்றுநோய்கள் பரவும் அச்சமும் உண்டு. இவ்விடர்ப்பாடுகளுக்கு விடையாகவே செயற்கை முறைச் சினைப்படுத்தல் வந்தது.

விந்தின் காலம்

ஒல்லாந்தராகிய லேவன்ஹூக் 1677 ஆம் ஆண்டு தம் நுணுக்குக்காட்டியின் வழியே விந்தணுக்களைக் கண்டார். ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், 1780 இல், இத்தாலியத் துறவியும் அறிவியலாளருமான ஸ்பலன்சானி பெண்ணாய் ஒன்றுக்குப் பீச்சாங்குழல் வழியே விந்தைச் செலுத்த, அது 62 நாளிற் குட்டிகளை ஈன்றது. ஆய்வுக்கூடத்து வியப்பாக இருந்த இச்செயலைக் கால்நடைத் தொழிலாக்கியவர் உருசிய நாட்டு இவனோவ் ஆவார். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் தொடங்கிய பணி, புரட்சிக்குப் பின்னர் அந்நாட்டின் கூட்டுப்பண்ணைகளிற் பெருகியது. தென்மார்க்கு நாட்டிலே சாம்சோ என்னும் தீவில் 1936 இல் உழவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இதற்கென அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் முதற் சங்கம் 1938 இல் நியூ ஜேர்சியிற் பிறந்தது.

இலங்கைக்குச் செயற்கைச் சினைப்படுத்தல் வந்ததும் அதே 1938 ஆம் ஆண்டிலேயாம். அண்டை நாடாகிய இந்தியாவில் மைசூர் அரண்மனைப் பாற்பண்ணையிலே சம்பத்குமாரன் என்பார் இம்முறையை முதன்முதலிற் கைக்கொண்டது 1939 இல். ஆகவே அறிவு இங்கு வருவதிற் காலத்தாழ்வு நிகழவில்லை. அறிவு மலையேறிக் கொட்டிலைச் சென்றடைவதிலேயே தாழ்வு நிகழ்ந்தது. அதற்குக் காரணம் விந்தின் காலம்.

உடலினின்றும் பிரிந்த விந்து நெடுநேரம் உயிர்வாழாது. 1940 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர் பிலிப்ஸ், லார்டி ஆகியோர் முட்டை மஞ்சட்கருவைக் கலந்து குளிர்ப்பித்தால் விந்தணுக்கள் நெடிது வாழும் எனக் கண்டனர். அங்ஙனம் குளிரூட்டிய விந்தும் இரண்டு மூன்று நாள்களுக்கு மேற் பயன்படுவதில்லை. நாள்தோறும் புதிது எடுத்து, நாள்தோறும் அனுப்பி, நாள்தோறும் முடித்தாகவேண்டும். வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையும், மழைக்காலத்து மண்சரிவும் உள்ள நாட்டில் இரண்டு நாள் என்பது மிகக் குறுகிய தவணை.

இத்தவணையை நீக்கியது ஒரு தற்செயல். 1949 இல் இங்கிலாந்திலே போல்ஜ், சிமித், பார்க்ஸ் என்னும் மூவர் கோழியின் விந்தை உறையவைத்துக் காக்க முயன்றுகொண்டிருந்தனர். பழச்சர்க்கரைக் கரைசல் எனப் பெயரொட்டிய சீசா ஒன்றிலிருந்து எடுத்த பொருள் வியத்தகு பயன் தந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அதிலிருந்தது சர்க்கரையன்று, கிளிசரோல் என்பது தெரிந்தது. பெயரொட்டு மாறியிருந்தது. 1952 இல் போல்ஜும் ரோசனும் அம்முறையால் உறையவைத்த காளை விந்து பசுக்களைச் செவ்வனே சினைப்படுத்தும் என நிறுவினர். உலர் பனிக்கட்டியின் இடத்தைப் பின்னர்த் திரவ நைதரசன் பெற்றது. சுழியத்துக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் விந்தின் காலம் நின்றுவிடுகின்றது. இறந்துபோன காளையின் விந்தும் பல ஆண்டு கழித்துக் கன்றைத் தரும்.

இலங்கையிற் கண்டிக்கு அண்மையிலுள்ள குண்டசாலையிலே செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம் அமைந்தது. அங்கு மெல்லிய குழல்களில் அடைத்த விந்து, திரவ நைதரசன் நிறைந்த கலங்களில் மாவட்டந்தோறும் செல்கின்றது. மோட்டார்ச் சைக்கிளின் பின்னே அக்கலத்தைக் கட்டிக்கொண்டு சினைப்படுத்துநர் தோட்டப் பாதையில் ஏறுங் காட்சி இன்று மலையகத்தார்க்குப் புதியதன்று. “ஊசி போட்டாச்சா?” என்பதே அங்குப் பசுவைப் பற்றிய முதற் கேள்வி. முதற் காலம் இவ்வாறு வெல்லப்பட்டது.

பசுவின் காலம்

விந்து காத்திருக்கும், பசு காத்திராது. பசுவின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். கிடேரிக்கு ஒருநாள் குறையும். அச்சுழற்சியில் வேட்கை நிலவுவது பன்னிரண்டு முதற் பதினெட்டு மணி நேரமே. வேட்கை தணிந்து ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்திற் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படும். அம்முட்டை சில மணி நேரமே கருவுறத் தக்கது. நெபிராஸ்காவிலே டிரிம்பெர்கர் என்பார் 1948 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எளிய விதி ஒன்று பிறந்தது: காலையில் வேட்கை கண்ட பசுவுக்கு அன்று மாலையிலும், மாலையிற் கண்டதற்கு மறுநாட் காலையிலும் ஊசி போடவேண்டும்.

இவ்விதியின் கடுமையை ஒரு கணக்கு விளக்கும். சினைக்காலம் 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டின் எஞ்சுவது 85 நாள். ஈன்ற பசுவின் கருப்பை பழைய நிலை எய்த ஏறத்தாழ 60 நாள் விடவேண்டும். மீதி 25 நாள். அதற்குள் வருவது ஒரே வேட்கை. நற்பேறு இருப்பின் இரண்டு. அதனைக் கவனியாது விட்டால் 21 நாள் வீண். மும்முறை விட்டால் 63 நாள்; இரண்டு திங்களுக்குப் பசுவுக்குத் தீனி உண்டு, வீட்டுக்குப் பால் இல்லை.

பசுவின் காலத்தை மனிதன் வகுத்த காலத்துக்கு இசைவிக்க இயலுமா என்னும் வினா இங்கே எழுகின்றது. விடை சூலகத்தில் இருந்தது. முட்டை வெளிப்பட்ட இடத்திலே மஞ்சட் சடலம் என்னும் ஒன்று தோன்றி, புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனைச் சுரக்கும். அது சுரக்குமளவும் அடுத்த வேட்கை வாராது. பசு சினையுறாவிடின் ஏறத்தாழப் பதினேழாம் நாளளவிற் கருப்பையே ஒரு பொருளைச் சுரந்து அம்மஞ்சட் சடலத்தை அழிக்கும். சில நாளில் வேட்கை மீளும். பூட்டும் திறவுகோலும் போன்றது இவ்வமைப்பு.

முதலிற் கைவந்தது பூட்டு. 1929 இல் கோணரும் அலனும் மஞ்சட் சடலத்தின் சாற்றை ஆராய்ந்தனர். 1934 இற் புரொஜெஸ்தரோன் தூய வடிவிற் பிரித்தெடுக்கப்பட்டது. 1948 இல் விஸ்கொன்சினிலே கிறிஸ்தியன், கசிடா இருவரும் அதனைக் கிடேரிகளுக்கு நாள்தோறும் ஊசியாற் கொடுத்து வேட்கையைத் தடுத்துக் காட்டினர். ஊசியை நிறுத்தியதும் கிடேரிகள் சில நாளுக்குள் ஒருங்கே பருவத்துக்கு வந்தன. ஆயினும் நெடுநாட் பூட்டியபின் வரும் முதல் வேட்கையிற் சினை குறைந்தது. 1960 களில் இவ்வோமோனை ஒத்த செயற்கைப் பொருள்கள் தீனியோடு கலந்து கொடுக்கப்பட்டன. பிற்காலத்தில் நியூசிலாந்திலே, புரொஜெஸ்தரோன் பொதிந்த சிறு கருவியைப் பிறப்புவழியில் ஒரு கிழமை வைத்து எடுக்கும் முறை உருவாயிற்று.

திறவுகோல் பின்னர்க் கிடைத்தது. கருப்பை சுரக்கும் அப்பொருள் புரொஸ்தகிளாண்டின் வகையினது. எலிகளில் அதன் ஆற்றல் 1969 இல் வெளிப்பட்டது. 1972 இற் கேம்பிரிட்ஜிலே ரோசன், டெர்விட், பிராண்ட் ஆகியோர் பசுக்களில் அதனைக் கையாண்டு வேட்கையை ஒருங்கிசைத்தனர். இருபதாண்டு முன்னர் விந்தின் காலத்தை நிறுத்த உதவிய அதே ரோசன், பசுவின் காலத்தைத் திருத்தவும் உதவினார் என்பது வரலாற்றின் இனிய பொருத்தம். முட்டை வெளிப்பட்ட முதல் ஐந்து நாளில் இம்மருந்து பயன் தராது. மஞ்சட் சடலம் அப்போது முற்றியிராது. ஆகவே பதினொரு நாள் இடைவிட்டு இருமுறை ஊசியிட்டால், சுழற்சியின் எந்நாளில் நின்ற பசுவும் இரண்டாம் ஊசிக்குப்பின் சில நாளில் வேட்கை கொள்ளும். 1995 இல் அமெரிக்காவிலே பேர்சிலி, மீ, வில்ட்பாங் ஆகியோர் முட்டை வெளிப்படும் நேரத்தையே மருந்தால் வகுக்கும் முறையை வெளியிட்டனர். அதன்பின் வேட்கையைக் காணாமலே, குறித்த நாளில் குறித்த மணியில் ஊசி போடுதல் இயல்வதாயிற்று. அம்முறை ஈன்ற பசுக்களுக்கு ஏற்றதாகிய அளவு கிடேரிகளுக்கு ஏற்றதாகவில்லை. கிடேரிகளுக்குப் புரொஜெஸ்தரோனும் புரொஸ்தகிளாண்டினும் சேர்ந்த முறைகளே சிறந்தன.

இக்கலை மிகுதியும் வளர்ந்த இடம் அமெரிக்க, அவுஸ்திரேலிய மேய்ச்சற் பெருவெளிகளிலே இறைச்சிக்கென வளர்க்கும் மந்தைகளாம். அங்கு நூற்றுக்கணக்கான கிடேரிகள் பரந்த வெளியில் மேய்வன. ஒவ்வொன்றாகக் கண்டு பிடித்து ஊசி போட ஆளில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் அடைத்து, அன்றே முடித்துவிடுதல் அவர்க்கு இலாபம். பருவத்தின் முற்பகுதியிற் பிறந்த கன்று விற்பனை நாளில் நிறை மிகுந்திருக்கும் என்பது மற்றொரு கணக்கு. பாலையும் எருவையும் நாடிப் பசுவைத் திருமகளாகப் போற்றும் நம்மவர் நோக்கம் வேறு. ஆயின் மேய்ச்சல் வெளியார்க்கும் லயத்தார்க்கும் இடர் ஒன்றே: வேட்கை நிகழும்போது காணும் கண் இல்லாமை.

வளர்ப்போரின் காலம்

மேய்ச்சல் வெளியிலே ஆளில்லாமையாற் கண் இல்லை. லயத்திலே ஆள் உண்டு, அவர்க்கு நேரமில்லை. விடியலிற் பெரட்டுக்களத்துக்குப் போகவேண்டும். கொழுந்து நிறுத்து முடியும்வரை மலையில் நிற்கவேண்டும். பெரும்பாலும் பெண்களே பசுவைப் பேணுவோர், அவர்களே கொழுந்தெடுப்போரும். மாலையிற் புற்கட்டோடு வீடு திரும்பும்போதுதான் பசுவின் முகத்தைப் பார்க்க நேரம் வாய்க்கும். பசுவின் வேட்கையோ இரவிலும் அதிகாலையிலும் தோன்றுதல் மிகுதி. தனித்துக் கட்டப்பட்ட பசுவுக்குத் தன்மேல் ஏறவிட்டு நிற்கும் தெளிவான அடையாளத்தைக் காட்ட மற்றொரு மாடு அருகில் இல்லை. ஓயாது கத்துதல், தீனி மறுத்தல், பால் குறைதல், கண்ணாடி போன்ற சளி வடிதல் ஆகிய சிற்றடையாளங்களாலேயே உய்த்துணர வேண்டும். அவற்றைப் பகலில் வீட்டிலிருக்கும் முதியோரும் பிள்ளைகளும் கண்டு சொல்லவேண்டும். சொன்ன செய்தி சினைப்படுத்துநரை அடையவேண்டும்; அவர் பன்னிரண்டு மணி நேரத்துள் மலையேறி வரவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் 21 நாள் போயிற்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ பீடத்தார், வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் துணையோடு, பாலில் உள்ள புரொஜெஸ்தரோனை அளந்து இவ்விடயத்தை ஆராய்ந்தனர். பால்துளி பொய் சொல்லாது. ஊசி போட்ட நாளில் அவ்வோமோன் மிகுந்திருப்பின் அப்பசு அன்று வேட்கையில் இல்லை என்பது பொருள். இத்தகைய ஆய்வுகள் பல நாடுகளிற் காட்டிய உண்மை ஒன்று: சினை தப்புவதற்குக் காரணம் விந்தின் குறையோ பசுவின் மலடோ மட்டுமன்று, நேரம் தப்புதலும் பெருங்காரணம்.

நாளின் நேரத்தைவிட நெடிய காலம் ஒன்றும் உண்டு. இனவிருத்தி என்பது ஆண்டுகளின் கணக்கு. இன்று போட்ட ஊசியாற் பிறக்கும் கன்றைக் காண ஒன்பது திங்களும் பத்து நாளும் வேண்டும். அது பெண்கன்றாயின், வளர்ந்து கிடேரியாகிச் சினையுற்று ஈன்று, தன் பாலைத் தர மேலும் மூன்று ஆண்டுவரை செல்லும். ஏறத்தாழ நான்காண்டுக்கு அப்பால் விளையும் பயனை நம்பி இன்று முயல்வோனே நல்ல காளையின் விந்தைக் கேட்பான். அந்நம்பிக்கை மலையகத்தார்க்கு இருந்ததா?

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் பாதிபாதியாகப் பங்கிட்டன. 1984 இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பற் போக்குவரத்து நிற்குமளவும் குடும்பங்கள் பிரிந்து பிரிந்து சென்றன. நான்காண்டுக்குப்பின் தாம் எந்நாட்டில் இருப்போம் என்பதை அறியாத ஒருவன் எக்காளையின் வித்து வேண்டுமென ஆராய்ந்து கேட்பது எங்ஙனம்? பசுவைக் கப்பலில் ஏற்றிச் செல்ல இயலாது. பேக்கர் போன்றோர் தம் மாடுகளைக் கப்பலில் இறக்கியபோது அவர்க்கு நிலமும் நெடுங்காலமும் உறுதியாய் இருந்தன. கப்பலுக்குக் காத்திருந்தோர்க்கு அவ்விரண்டும் இல்லை. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. காணியுரிமையோ இன்றளவும் பலர்க்குக் கனவே.

ஆகவே செயற்கைச் சினைப்படுத்தல் நாட்டிற் பரவிய அளவு குறைவு என்று கூறி உழவரின் அறியாமையைக் காரணங்காட்டுதல் வரலாற்றுக்கு முரணாகும். 1938 இல் வந்த அறிவைப் பயன்கொள்ளுதற்கு வேண்டிய நேரமும் நிலமும் நிலைபேறும் தோட்டத் தொழிலாளிக்குக் கிட்டவில்லை என்பதே உண்மை.

ஒருங்கிசைத்தலும் ஒற்றுமையும்

இனி, இவ்விரண்டாங் கலை மலையகத்துக்குப் பொருந்துமா என ஆராய்வோம். ஒரு பசு வைத்திருப்பவனுக்கு ஒருங்கிசைத்தல் எதற்கு என வினவுவார் உளர். ஒரு தோட்டப் பிரிவில் இருபது குடும்பங்களிடம் சினைப்படுத்தத் தக்க இருபது பசுக்கள் இருப்பதாகக் கொள்வோம். சுழற்சி 21 நாள் ஆதலின், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பசு வேட்கை கொள்ளும். அவ்வொன்றுக்காகச் சினைப்படுத்துநர் நாள்தோறும் மலையேற வேண்டும். அஃது அவரால் இயலாது. அவ்விருபதையும் ஒரு மந்தையாகக் கருதி, தேயிலை வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையிற் சினைப்படுத்தல் நிகழுமாறு முன்கூட்டியே மருந்திட்டால், அவர் ஒருமுறை வந்தாற் போதும். பெண்கள் பேர் இழக்க வேண்டியதில்லை. பசுவின் காலத்தைத் தோட்டத்தின் காலத்துக்கு மாற்றுதல் இதன் பொருள்.

எல்லாப் பசுவும் ஒரே தடவையிற் சினையுறா. பாதி சினையுற்றாலே அது நல்ல பயன். தப்பியவை மூன்று கிழமை கழித்து ஏறத்தாழ ஒரே கிழமையில் மீண்டும் பருவத்துக்கு வரும். அக்கிழமையை முன்னரே நாட்காட்டியிற் குறித்து வைத்து, முதியோரும் பிள்ளைகளும் அந்நாள்களிற் கூர்ந்து கவனிக்கலாம். ஒருங்கிசைத்தலின் நுட்பமான பயன் இதுவே. அது காண்பவரின் கண்ணை வேண்டாததாக்குவதன்று. எப்போது காணவேண்டும் என்பதை அக்கண்ணுக்கு உணர்த்துவது. ஈனும் காலத்தையும் தெரிந்துகொள்ளலாம். ஆவணி தொடங்குமுன், ஓகத்து முற்பகுதியில், ஊசி போட்டால் மே நடுவிற் கன்று பிறக்கும்; தென்மேற்குப் பருவமழையில் மலைச்சரிவெங்கும் புல் தழைக்குங் காலம் அது. தைமாதப் பனியிற் புல் கருகும்போது ஈன்ற பசுவின் பாலும் இதன் பாலும் ஒன்றாகா.

எச்சரிக்கைகளும் உள. புரொஸ்தகிளாண்டின் சினைப்பசுவுக்குச் சென்றாற் கரு சிதையும். ஆதலின் மிருக வைத்தியர் சினையில்லை எனச் சோதித்துத் தெளிந்த பின்னரே அதனை இடவேண்டும். தோலிற் பட்டாலும் அது உடலுட் புகும். கருவுற்ற பெண்களும் ஈளை நோயுடையோரும் அதனைத் தொடலாகாது. பசுவைப் பிடித்து நிற்போர் பெண்களாயிருக்கும் மலையகத்தில் இதனை உரக்கச் சொல்லுதல் கடன். மெலிந்த கிடேரிக்கு மருந்து பயன் தராது. முதிர்ந்த பசுவின் நிறையில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் வளர்ந்து, தானே சுழற்சி தொடங்கியதையே ஒருங்கிசைக்க இயலும். புல்லும் புண்ணாக்கும் செய்யவேண்டிய வேலையை ஊசி செய்யாது.

இவற்றையெல்லாம் விடுத்து, ஆயத்தமான பசுவைக் கப்பலிற் கொணரும் பழைய எண்ணம் நம் காலத்தும் மறையவில்லை. 2012 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஏறத்தாழ 2,000 சினைக் கிடேரிகள் நுவரெலியா மாவட்டத்து அரசுப் பண்ணைகளுக்கென இறக்குமதியாயின. பண்ணைக்கு அவை பொருந்தலாம். லயத்துக் கொட்டிலில் அறுத்த புல்லை உண்டு, மலைக்குளிரிற் பழகி வளர்ந்த கிடேரிக்கு அவை ஈடாகா. அக்கிடேரியைக் கப்பல் தராது. நான்காண்டுப் பொறுமை தரும்.

விந்தின் காலத்தை நிறுத்தியது ஒரு சீசாவின் பெயரொட்டு மாறிய தற்செயல். பசுவின் காலத்தைத் திருத்தியது நாற்பதாண்டு ஆய்வு. வளர்ப்போரின் காலத்தைச் சீராக்குவது தற்செயலாலும் ஆகாது, ஆய்வுக்கூடத்தாலும் ஆகாது. காம்பராவுக்கு அருகே தன் பெயரில் ஒரு துண்டு நிலமும், அதில் நட்ட புல்லைத் தன் கன்றே உண்ணும் என்னும் உறுதியும், ஒரு பிரிவினர் இருபது பசுவையும் தம்முடைய ஒரே பட்டி எனக் கருதும் ஒற்றுமையும் அமைய வேண்டும். மலையகத்திலிருந்து நம் கல்லூரிகளுக்கு வந்து விலங்கியலும் கால்நடை மருத்துவமும் பயிலும் மாணவர் இன்று உளர். பூட்டும் திறவுகோலும் அவர்கள் கையில் இருக்கின்றன. கொட்டிலின் கதவு எவர்க்குச் சொந்தம் என்னும் வினாவையும் அவர்கள் உடன் எடுத்துச் செல்வாராயின், நாகு என்று நம் முன்னோர் பெயரிட்ட அவ்விளம் பசு மலையகத்திலும் உரிய காலத்திற் கன்று ஈனும்.